பாடம் நடக்கும்போது மட்டும் வரும் புகை

போன வாரம் நாம் கிளம்பும்போது வாலு காருக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்தாள். இன்னும் அங்கேதான் கிடக்கிறாள். வெளியே தெரிவது இரண்டு செருப்புகளும் ஒரு முணுமுணுப்பும்தான்.

தொடர்ந்து படிப்பவர்கள் ஒரு நிமிஷம் பொறுத்துக்கொள்ளுங்கள், புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்கு ரெண்டு வார்த்தை. அண்ணி டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறாள். ஸ்கூல் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். வாசலில் ஒரு போர்டு, ஷெட்டில் ஒரு கார், நடுவில் அண்ணி. கார் வாலுவை விட வயதில் மூத்தது. பூசணிக்காய் நிறம், பூசணிக்காய் உடம்பு, அதனால் பெயரும் பூசணி. அந்தப் பூசணி புகைப் பரிசோதனையில் இரண்டு தடவை தவறிவிட்டது. இன்றைக்கு மதியம் கடைசி வாய்ப்பு. இதிலும் தவறினால் அந்தக் காரில் யாருக்கும் ஓட்டக் கற்றுக்கொடுக்கக் கூடாது. அப்புறம் ஸ்கூலில் மிச்சமிருப்பது போர்டு மட்டும்தான்.

வாலு, அண்ணிக்கு நாத்தனார். தொடர்கதையில் வரும் நாத்தனார்கள் செய்ய வேண்டிய வேலை எதையும் அவள் இதுவரை செய்ததில்லை. நேரமில்லை. தெருமுனை ஒர்க்‌ஷாப்பில் காலையிலிருந்து சாயங்காலம் வரை பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டரோடு மல்லுக்கட்டுவதுதான் அவள் பிழைப்பு. "பூசணியை நான் பார்த்துக்கறேன் அண்ணி, இது ஒரு மேட்டரே இல்லை" என்று போன மாதம் வாயை விட்டவளும் அவளேதான்.

மேட்டராகத்தான் ஆகிவிட்டது.

"வாலு, நான் கிளம்பறேன்" என்றது அண்ணனின் குரல். அயர்ன் செய்த பேன்ட்டும் பளபள ஷூவும் செருப்புகளுக்கு அருகில் வந்து நின்றன. "ஏதாவது தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சா நான் ஏன் இங்க படுத்திருக்கப் போறேன்? வேண்டுதலா?"

"கோவப்படாதே. மதியம் நான் நேரா டெஸ்ட் நடக்கிற இடத்துக்கே வந்துடறேன். தேறிடுச்சுன்னா சந்தோஷம். இல்லேன்னா இன்னைக்கே ஸ்கிராப்புக்குக் கொடுத்துடலாம். இழுத்துக்கிட்டே போக வேண்டாம். புதுசா, சின்னதா, நல்லதா ஒரு வண்டி பார்த்துக்கலாம்."

"அண்ணிகிட்ட சொன்னியா?"

"சொன்னேன்."

"என்ன சொன்னாங்க?"

ஷூ ஒரு தடவை தரையைத் தேய்த்தது. "டிபன் பாக்ஸை கையில கொடுத்தா."

வாலுவுக்குச் சிரிப்பு வந்தது. அண்ணி சண்டை போடும் விதமே அதுதான். எதிராளி வீராவேசமாகப் பேசிக்கொண்டே இருக்கும்போது அவன் கையில் தண்ணீர் பாட்டிலையோ குடையையோ கொடுத்து அனுப்பிவிடுவாள். பாதி வழியில்தான் அவனுக்குத் தான் தோற்றது தெரியும்.

அண்ணன் போன பிறகு வாலு வெளியே உருண்டு வந்தாள். பானெட்டைத் தூக்கி ஒரு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினாள். துடைக்கக்கூட வேண்டியிருக்கவில்லை. முனை முழுக்க கரி. மை பூசிய மாதிரி, தொட்டால் விரலில் ஒட்டும் காய்ந்த கரி.

அண்ணி இரண்டு டம்ளர் டீயோடு வந்தாள். ஒன்றை பேட்டரி மேல் வைத்தாள். வேறு யாராவது வைத்திருந்தால் வாலு கத்தியிருப்பாள்.

"மறுபடியும் கறுப்பா?"

"கண்ணுக்கு மை இட்டுக்கலாம் அண்ணி, அவ்ளோ கறுப்பு. பெட்ரோலைக் குடிச்சுக்கிட்டே இருக்கு, காத்து பத்தலை. எரியாத பெட்ரோல்தான் புகையா வருது." வாலு பிளக்கை ஆட்டினாள். "ஆனா எனக்குப் பைத்தியம் பிடிக்கறது எதுல தெரியுமா? நான் கார்புரேட்டரைக் கழட்டி மாட்டின அன்னைக்கு இந்த முனை காபிப்பொடி கலர்ல இருந்துச்சு. அழகா! போட்டோ எடுத்து வச்சுக்கலாம் போல. ரெண்டு தடவையும்! நான் ஊரைச் சுத்தி ஓட்டிட்டு வந்தேன், ஒரு துளி புகை இல்லை. நீங்க ரெண்டு பாடம் எடுத்துட்டு வர்றீங்க, சமையல்கட்டு தீப்பிடிச்ச மாதிரி வருது."

"கார்புரேட்டருக்குள்ள இருக்கிற மிதவை?"

"ஓட்டை இருக்கான்னு வெந்நீர்ல முக்கிப் பார்த்தேன். ஒரு குமிழி வரலை. பெட்ரோல் லெவல் ஸ்கேல் வச்சு அளந்தேன். பெட்ரோல் பீச்சற ஜெட் சரியான சைஸ். ஏர் ஃபில்டர் புதுசு. எங்க ஓனர் 'கார்புரேட்டரையே தூக்கிப் போட்டு வேற மாட்டு'ன்னு சொல்லிட்டார். அவருக்கு எல்லாத்துக்கும் அது ஒரே வைத்தியம். தலைவலின்னா தலையை மாத்தச் சொல்வார்."

அண்ணி சிரிக்கவில்லை. டீயை ஊதிக்கொண்டே பூசணியைப் பார்த்தாள். பாடம் நடக்கும்போது மாணவர்களைப் பார்க்கிற அதே பார்வை. திட்டுவதற்கு அல்ல, அடுத்து என்ன செய்யப்போகிறார்கள் என்று கவனிக்கிற பார்வை.

"உன்கிட்ட நல்லா இருக்கு. என்கிட்ட புகையுது" என்றாள் மெதுவாக. "அப்போ கார்புரேட்டர் கெட்டுப் போகலை வாலு. பாடத்துல நாங்க ஏதோ பண்றோம். அதை நீ பண்றதில்லை."

வாலு வாய்க்குக் கொண்டுபோன டம்ளரை அப்படியே நிறுத்தினாள். ஒரு மாதமாக அவள் பார்த்துக்கொண்டிருந்தது இரும்பை. அண்ணி பார்த்துக்கொண்டிருந்தது ஆட்களை. சே! இது எனக்கு ஏன் தோணலை என்று நெற்றியில் தட்டிக்கொண்டாள். கிரீஸ் ஒட்டியது.

"எல்லாப் பாடத்துலயும் புகை வந்துச்சா?"

அண்ணி கண்ணை மூடினாள். எந்த மாணவர் எந்தத் திருப்பத்தில் எப்படித் தடுமாறினார் என்பதெல்லாம் அவளுக்குப் படம் மாதிரி ஓடும். எழுதி வைக்கும் வழக்கமே இல்லை.

"முடி வெட்டறவர் ஓட்டினப்போ வரலை. அவருக்குக் கை கால் எல்லாம் பூ மாதிரி. பல் டாக்டர் ஓட்டினப்போ வந்துச்சு. நல்லா வந்துச்சு, பின்னாடி வந்த பஸ்காரர் திட்டினாரே, அன்னைக்கு. பாட்டு டீச்சர்... அவங்க மேட்டுல நிறுத்தி எடுத்தாங்க. அதுக்கப்புறம் வந்துச்சு."

"பயப்படறவங்க ஓட்டினா வருது!"

"பயத்துக்கும் பெட்ரோலுக்கும் என்னடி சம்பந்தம்?"

"பயத்துல சோக்கை இழுத்துடறாங்களோ?"

இது நல்ல சந்தேகம். காலையில் இன்ஜின் சில்லென்று இருக்கும்போது பெட்ரோல் கொஞ்சம் கூடுதலாகப் போனால்தான் கிளம்பும். அதற்காக டாஷ்போர்டில் ஒரு குமிழ் இருக்கும். அதை இழுத்தால் கார்புரேட்டரின் வாயில் உள்ள மூடி சாயும், காற்று குறையும், பெட்ரோல் கூடும். அதுதான் சோக். சூடான பிறகும் அதைத் தள்ளாமல் விட்டால் கரும்புகைதான்.

"சோக்கையா? என் வண்டியிலயா?" அண்ணி கதவைத் திறந்து காட்டினாள். குமிழ் முழுசாக உள்ளே இருந்தது. அதன் மேல் சிவப்பு ஸ்டிக்கர். "முதல் பாடமே 'இதைத் தொடாதே'ங்கறதுதான். தொட்டா கையிலயே அடிப்பேன். பல் டாக்டரைக் கூட அடிச்சிருக்கேன்."

"டாக்டரையா?"

"எனக்குப் பல் பிடுங்கும்போது அவர் கணக்கைத் தீர்த்துக்கிட்டார்."

சரி, சோக் இல்லை. வாலு ஏர் ஃபில்டரின் மூடியைக் கழற்றிக் கீழே வைத்தாள். இப்போது கார்புரேட்டரின் வாய் பளிச்சென்று தெரிந்தது. வட்டமாக, ஆழமாக, அதன் குறுக்கே நட்டுக்குத்தலாக நிற்கும் சோக் மூடியோடு. ஒழுங்காக நின்றது.

"அண்ணி, ஒண்ணு பண்ணலாம். வண்டியை இங்கயே ஓட விடுவோம். நீங்க உங்க சீட்டுல உக்காந்து பாடத்துல என்னென்ன பண்ணுவீங்களோ எல்லாத்தையும் பண்ணுங்க. நான் இங்க கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டுப் பார்க்கறேன்."

அண்ணி பயிற்சியாளர் இருக்கையில் போய் உட்கார்ந்தாள். அந்தப் பக்கமும் காலடியில் ஒரு பிரேக், ஒரு கிளட்ச் உண்டு. கற்றுக்கொள்கிறவர் சொதப்பினால் அண்ணி பிடித்து நிறுத்துவதற்காகத் தனியாகக் கேபிள் இழுத்து மாட்டியது. வாலு ஸ்டார்ட் செய்துவிட்டு முன்னால் ஓடி வந்து குனிந்தாள். பூசணி சமர்த்தாக உறுமியது.

"ஹாரன்!"

ஹாரன் அடித்தது. ஒன்றும் இல்லை.

"லைட்டு! இண்டிகேட்டர்! வைப்பர்! சீட்டை முன்னாடி தள்ளுங்க! பிரேக்!"

எதிலும் ஒன்றும் இல்லை.

"வேற என்ன பண்ணுவீங்க?"

"வேற ஒண்ணும் பண்ண மாட்டேன். பேசுவேன்."

"கிளட்ச் மிதிப்பீங்களா?"

ஜன்னல் வழியே அண்ணியின் தலை வெளியே வந்தது. முகத்தில் நிஜமான வருத்தம். "நானா? வாலு, என் பக்கத்து கிளட்ச் அலங்காரத்துக்கு இருக்கு. நான் அதைத் தொடவே மாட்டேன். தானா தப்பு பண்ணி, தானா திருத்திக்கணும். அதுதான் என் ஸ்கூல். பக்கத்துத் தெரு ஸ்கூல்ல வேணும்னா மிதிப்பாங்க."

"சரி சரி, கோவிச்சுக்காதீங்க. பேசத்தானே செய்வீங்க? பேசுங்க."

"யார்கிட்ட? ஆள் இல்லையே."

"பல் டாக்டர் உக்காந்திருக்கார்னு நினைச்சுக்கோங்க. மேட்டுல நிக்கறீங்க. பின்னாடி பஸ்."

அண்ணி கொஞ்சம் வெட்கப்பட்டாள். தொண்டையைச் செருமினாள். பிறகு காலி இருக்கையைப் பார்த்து ஆரம்பித்தாள். ஆரம்பித்த இரண்டாவது வார்த்தையில் வெட்கம் போய்விட்டது.

"டாக்டர், பஸ்ஸை மறந்துடுங்க. பஸ் உங்க பேஷன்ட் இல்லை. கண்ணாடியில பார்க்காதீங்க, ரோட்டைப் பாருங்க. ம்ம்... முதல் கியர். கிளட்ச்சை மெதுவா விடுங்க. மெதுவா... மெதுவான்னா மெதுவா... வண்டி பின்னாடி போகாது, நான் இருக்கேன்ல? அவசரப்படாதீங்க... பரவால்ல, பரவால்ல, இப்போ விடுங்க..."

கார்புரேட்டரின் வாயில் அந்த மூடி சாய்ந்தது.

தூக்கக் கலக்கத்தில் இமை கவிழ்கிற மாதிரி, மெதுவாக, பாதி வரை. உறுமல் மாறியது. தொண்டையில் சளி கட்டிய மாதிரி ஆனது. பின்னாலிருந்து கறுப்பாக ஒரு கொத்து புகை எழுந்து ஷெட்டின் கூரையைத் தொட்டது.

"கால்!" வாலு அலறினாள். "அண்ணி, உங்க கால்! அசைக்காதீங்க! கீழ பாருங்க!"

அண்ணி குனிந்து பார்த்தாள். அவள் கால் கிளட்ச்சை அடிவரை மிதித்திருந்தது.

ரொம்ப நேரம் அவள் அதையே பார்த்தாள், யாரோ பக்கத்து வீட்டுக்காரருடைய காலைப் பார்ப்பது போல.

"நான் மிதிச்சேனா?"

"மிதிச்சீங்க."

"எனக்குத் தெரியவே இல்லையே..."

வாலுவுக்குப் புகையெல்லாம் மறந்துபோனது. பல் டாக்டர் போன வாரம் ஒர்க்‌ஷாப் வாசலில் நின்று பீற்றிக்கொண்டது ஞாபகம் வந்தது: 'மேட்டுல நிறுத்தி நானே எடுத்தேன்மா, ஒரு தடவை கூட ஆஃப் ஆகலை. உங்க அண்ணி சும்மா பேசிக்கிட்டுதான் இருந்தாங்க!' ஆஃப் ஆகாதது எப்படி என்று இப்போது தெரிகிறது. விழப்போகிற நொடிக்கு ஒரு இமைப்பொழுது முன்னால் இந்தக் கால் போய்த் தாங்கியிருக்கிறது. தாங்கிய உடனே விலகியும் விட்டிருக்கிறது. விழப்போனவருக்கும் தெரியவில்லை, தாங்கியவளுக்கும் தெரியவில்லை. எத்தனை பேர் இந்த ஊரில் தைரியமாகக் கார் ஓட்டிக்கொண்டு திரிகிறார்கள், தங்கள் தைரியத்தில் பாதி அண்ணியின் பாதத்தில் இருந்தது தெரியாமலே!

"அண்ணி, நீங்க ஒரு ஆளுதான்" என்றாள் வாலு.

"என்னை அப்புறம் பாராட்டு. கிளட்ச் மிதிச்சா சோக் ஏன் மூடுது?"

வாலு டார்ச்சை அடித்தாள். பதில் கண்ணெதிரேயே இருந்தது. சோக் கம்பியின் கடைசித் துண்டு, உறை இல்லாமல் மூடியின் கொக்கியில் போய் மாட்டும் இடம். அங்கே வயர்களைக் கட்டும் கறுப்பு பிளாஸ்டிக் டை ஒன்று, கம்பியையும் பக்கத்தில் போகும் அண்ணியின் கிளட்ச் கேபிளையும் சேர்த்துக் கட்டியிருந்தது. கேபிள் நகர்ந்தால் கம்பியையும் இழுக்கும். இழுபட்ட கம்பி திரும்பி முழுசாகப் போவதில்லை. பாதி மூடியபடியே நின்றுவிடுகிறது. வாலு கார்புரேட்டரைக் கழற்றும்போதெல்லாம் கம்பியை விடுவித்து, மூடியைச் சரியாகத் திறந்து வைத்து மாட்டுவாள். அதனால் அவள் ஓட்டும்போது எல்லாம் சரியாக இருக்கும். அண்ணியின் கால் ஒரு தடவை இறங்கினால் போதும், மறுபடி கதை ஆரம்பம்.

அந்த டையை வாலு பார்க்காமல் இல்லை. இரண்டு தடவையும் பார்த்தாள். ஆனால் மிச்ச வாலை நறுக்கி, முனை தேய்த்து, கம்பெனியிலிருந்தே வந்த மாதிரி அவ்வளவு நேர்த்தி. அதை யார் சந்தேகப்படுவார்கள்?

இந்த வீட்டில் அப்படி வால் நறுக்கி டை கட்டுகிறவன் ஒரே ஒருத்தன்தான். பெரிய கம்பெனி ஒன்றின் கம்ப்யூட்டர் அறையில் வயர்களை ஒழுங்காகக் கட்டி வைப்பதே அவன் உத்தியோகம். வீட்டில் ஃப்ரிட்ஜ் வயர், டிவி வயர், துணி காயப்போடும் கயிற்றின் மிச்சம் எல்லாவற்றுக்கும் அவன் கட்டிய டை உண்டு.

"அண்ணன்!" வாலுவுக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. "வண்டி வேண்டாம் வண்டி வேண்டாம்னு சொல்லிக்கிட்டே இருந்தானே... வேணும்னே பண்ணியிருக்கான் அண்ணி! ஸ்கிராப்புக்குப் போகணும்னு!" கட்டரை எடுத்தாள்.

"நில்லு." அண்ணி இறங்கி வந்து குனிந்தாள். டார்ச்சை வாங்கி டைக்குக் கொஞ்சம் கீழே அடித்தாள். "இது என்ன?"

கிளட்ச் கேபிளின் உறையில் ஒரு இடம் உருகிப்போய் இருந்தது. நேர் கீழே, புகைக் குழாய். இன்ஜின் ஓடும்போது தொட்டால் தோல் பொசுங்கும் சூடு.

வாலுவின் கையிலிருந்த கட்டர் தாழ்ந்தது. கேபிள் தொங்கி அந்தக் குழாய் மேல் படுத்திருக்கிறது. உருக ஆரம்பித்திருக்கிறது. இன்னும் சில நாள் போயிருந்தால் உள்ளே கம்பி நகராமல் பிடித்துக்கொண்டிருக்கும், ஏதாவது ஒரு மேட்டில், ஏதாவது ஒரு பாட்டு டீச்சரோடு. யாரோ அதைப் பார்த்து, தூக்கி, கைக்கு எட்டிய பக்கத்துக் கம்பியோடு சேர்த்துக் கட்டியிருக்கிறான்.

"காரோட முன் சீட்டுலகூட உக்கார மாட்டாரு" என்றாள் அண்ணி, யாரிடமோ சொல்வது போல. "இதுக்குள்ள எப்போ கையை விட்டாரு?"

வாலு அந்த டையை நறுக்கினாள். கேபிளை ஒரு இரும்புப் பட்டையில் தனியாகத் தூக்கிக் கட்டினாள். சோக் கம்பியைச் சுத்தமாக விடுவித்தாள். பிளக்குகளைத் துடைத்து மாட்டினாள். அண்ணி திரும்பத் திரும்ப மிதித்தாள். மூடி நிமிர்ந்த இமை மாதிரி அசையாமல் நின்றது.

மதியம். புகைப் பரிசோதனை நிலையம் ஒரு நீளமான தகரக் கொட்டகை. முன்னால் வரிசையாக வண்டிகள். அண்ணன் பஸ்ஸை விட்டு இறங்கி, வியர்வையைத் துடைத்தபடி நடந்து வந்தான். டிரைவிங் ஸ்கூல்காரியின் புருஷனுக்கு வண்டி ஓட்டத் தெரியாது. தெரிந்தவர்கள் யாரும் அதைச் சொல்லிக் கிண்டல் செய்யாமல் இருந்ததில்லை, அண்ணியைத் தவிர.

வாலு அறுத்த டையை அவன் மூக்குக்கு நேரே நீட்டினாள். "இது நீ கட்டினதா?"

"ஆமா. கேபிள் உருகிட்டு இருந்துச்சு. ஏன், அவுந்துடுச்சா?"

"அவுறலை. அதான் பிரச்சினை."

வாலு விவரத்தைச் சொல்லச் சொல்ல அவன் முகம் சுருங்கிக்கொண்டே போனது. "அப்போ... இந்த ஒரு மாசமா... என்னாலயா?"

"உன்னாலதான்."

"அவர் கட்டலேன்னா கேபிள் போயிருக்கும்" என்றாள் அண்ணி, வரிசையைப் பார்த்தபடி. "ஏங்க, எப்போ பார்த்தீங்க அதை?"

"விடியக்காலையில எழுந்து பார்ப்பேன்" என்றான் அவன். "தினமும். டார்ச் வச்சுக்கிட்டு. எனக்கு ஒண்ணும் புரியாது. ஆனா எது தொங்குது, எது தொங்கலைன்னு தெரியும். நீ தினமும் இதுல போறே, யார் யாரோ ஓட்டறாங்க..."

வாலு அறுத்த டையை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டாள். காலையில் அவனைப் பற்றி நினைத்ததை எல்லாம் மென்று விழுங்கினாள். கசந்தது.

"அடுத்தது! மறுபடியும் இந்த ஆரஞ்சு வண்டியா?" மீட்டர்காரர் அலுத்துக்கொண்டார். நீளமான குழாயைத் தூக்கி வந்து பூசணியின் பின்பக்கத்தில் செருகினார். "டிரைவர் ஏறி ஸ்டார்ட் பண்ணுங்க. மத்தவங்க தள்ளி நில்லுங்க."

வாலு ஓட்டுநர் இருக்கையில் ஏறினாள். மறுபக்கக் கதவு திறந்தது. அண்ணி ஏறி உட்கார்ந்தாள்.

"மேடம், டிரைவர் மட்டும் போதும்."

"இது பாடம் எடுக்கிற வண்டி சார். நான் இங்க உக்காந்தாத்தான் ஓடும். நான் கிளட்ச்சை மிதிச்சுக்கிட்டே இருக்கேன், நீங்க அளந்து பாருங்க."

வாலு அவள் பக்கம் சாய்ந்தாள். "அண்ணி, சும்மா இருங்களேன்!" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கிசுகிசுத்தாள். "காலை மடக்கி வச்சுக்கிட்டு ஜம்முனு தேறிட்டுப் போலாம்!"

"தேறிட்டு? நாளைக்குப் பல் டாக்டர் வருவார். அவர் வந்தா புகையற வண்டிக்கு எதுக்குடி சர்டிபிகேட்?"

மீட்டர்காரர் தோளைக் குலுக்கினார். "உங்க இஷ்டம்."

இன்ஜின் ஓடியது. அண்ணியின் கால் இறங்கியது, ஏறியது, இறங்கியது. இந்த முறை தெரிந்தே. வாலு ஸ்டியரிங்கை விடாமல் பிடித்திருந்தாள். கண்ணாடியில் அண்ணன் தெரிந்தான். வண்டிக்குப் பின்னால், புகை வந்தால் நேராக அவன் முகத்தில் அடிக்கிற இடத்தில், தள்ளி நில்லுங்கள் என்று சொன்னதைக் கேட்காமல் நின்றிருந்தான். அயர்ன் செய்த வெள்ளைச் சட்டை.

மீட்டரில் எண் ஏறியது. நின்றது. கொஞ்சம் இறங்கியது. மீட்டர்காரர் அதைத் தட்டிப் பார்த்தார்.

"இதே வண்டிதானே போன வாரம் வந்தது?"

"இதேதான்."

"என்ன மாத்தினீங்க?"

வாலு வாயைத் திறந்தாள். ஒரு மாதம் கழற்றி மாட்டிய ஜெட், மிதவை, கேஸ்கெட் எல்லாம் வரிசையாக நாக்கில் வந்து நின்றன. "ஒரு முடிச்சை அவுத்தோம் சார்" என்றாள்.

"தேறிடுச்சு. எடுத்துட்டுப் போங்க."

வாலு போட்ட கூச்சலில் வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அண்ணி கூச்சல் போடவில்லை. காலைக் கிளட்ச்சிலிருந்து எடுத்து, செருப்பைச் சரி செய்துகொண்டாள். கண் மட்டும் கொஞ்சம் பளபளத்தது. அண்ணனின் சட்டை வெள்ளையாகவே இருந்தது.

கொட்டகைக்குப் பின்னால் ஒரு நீளமான ரோடு. ரெண்டு பக்கமும் கிடங்குச் சுவர், அந்த நேரத்தில் ஈ காக்கை இல்லை. வாலு வண்டியை அங்கே நிறுத்தினாள், ஸ்டியரிங்கை அண்ணியிடம் கொடுத்துவிட்டுப் பின் சீட்டுக்கு மாறி அண்ணனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கதை பேசிக்கொண்டு வரலாம் என்று. ஆனால் பின்னாலேயே நடந்து வந்த அண்ணன் பின்கதவைத் தொடவில்லை. ஓட்டுநர் கதவருகே வந்து நின்றான்.

"நான் ஓட்டட்டுமா?"

ரெண்டு பேரும் அவனைப் பார்த்தார்கள்.

"உரிமம் இல்லாம என் ஸ்டியரிங்கை யாரும் தொட முடியாது" என்றாள் அண்ணி. "புருஷனா இருந்தாலும்."

அவன் பர்ஸிலிருந்து ஒரு சின்ன அட்டையை எடுத்தான். பழகுநர் உரிமம். அவன் போட்டோவில் கூடப் பயந்துபோய்தான் இருந்தான்.

"அடப்பாவி! எப்போ எடுத்தே?"

"எடுத்து வச்சிருந்தேன். சொன்னா உடனே உக்காரச் சொல்லுவாளேன்னு சொல்லலை."

அண்ணி அட்டையை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாள். எல்லா மாணவர்களுடைய அட்டையையும் பார்க்கிற மாதிரியே, ஒரு எழுத்து விடாமல். திருப்பிக் கொடுத்தபோது அவள் குரல் டீச்சர் குரலாகியிருந்தது. "போனைப் பின்னாடி கொடுத்துடுங்க. உக்காருங்க. சிவப்பு ஸ்டிக்கரைத் தொட்டா அடி விழும்."

போன் வாலுவின் கைக்கு வந்தது. அண்ணன் உட்கார்ந்தான். சீட்டைச் சரி செய்தான். கண்ணாடியைச் சரி செய்தான். மறுபடியும் சீட்டைச் சரி செய்தான்.

"போதும், கல்யாணத்துக்கா கிளம்பறோம்?" என்றாள் வாலு.

முதல் கியர். பூசணி துள்ளியது, முக்கியது, நின்றுவிட்டது. அண்ணியின் கால் கிளட்ச்சுக்கு ஒரு விரல் மேலே அந்தரத்தில் நின்றதை வாலு பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள். இறங்கவில்லை. முதல் தடவையாக அந்தக் கால் தன்னைத் தானே பிடித்து நிறுத்தியிருக்கிறது.

"பரவால்ல. மறுபடி ஸ்டார்ட் பண்ணுங்க. மெதுவா விடுங்க."

மறுபடி நின்றது. மறுபடி ஸ்டார்ட். அதற்கடுத்த தடவை பூசணி ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு நகர்ந்தது. சுவர்கள் பின்னால் போக ஆரம்பித்தன. அண்ணன் மூச்சே விடவில்லை. இரண்டாவது கியர் விழுந்தபோது அவன் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. சிரிப்பா, அழுகையா என்று பிரிக்க முடியாத சத்தம். வாலு திரும்பிப் பின் கண்ணாடி வழியே பார்த்தாள். ரோடு தெளிவாக இருந்தது. ஒரு இழை புகை இல்லை.

கையிலிருந்த போன் அதிர்ந்தது. தெரியாத எண். வாலு எடுத்தாள்.

"சார், லாரி உங்க வாசல்ல நிக்குது" என்றது ஒரு கரகரத்த குரல். "காலையில ஸ்கிராப்புக்குன்னு ஒரு காரைச் சொன்னீங்களே. ஷெட்டு காலியா இருக்கு. வண்டி எங்க சார்?"

வாலுவின் முதுகு நிமிர்ந்தது. முன்னால் அண்ணியின் பின்னந்தலை. அவள் ரோட்டையும் புருஷன் கையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். முகம் தெரியவில்லை, காது மட்டும் தெரிந்தது. அந்தக் காது சிரித்துக்கொண்டிருந்தது.

"அவரால இப்போ பேச முடியாதுங்க" என்றாள் வாலு, குரலைத் தாழ்த்தி. "வண்டி ஓட்டிக்கிட்டு இருக்கார்."

"யாரு, அவரா? நல்லா இருக்கே! எனக்கு ஓட்டத் தெரியாது, அதனால லாரியே கொண்டு வந்துடுங்கன்னு சொன்னவரே அவர்தானே?"

"அது காலையில" என்றாள் வாலு.

முன் கண்ணாடியில் அண்ணியின் கண்கள் எழுந்து அவளைப் பிடித்தன.

"போன்ல யாரு வாலு?"